மாதாவுக்குக் கீழே நாற்பத்தெட்டு வோல்ட்

பேட்டரியை எங்கே ஒளித்துவைப்பது என்பதில் அரை மணி நேரமாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"சார், சைக்கிளுக்கு மோட்டார் வைக்கிறவங்க எல்லாம் நாலு பேருக்குத் தெரியணும்னுதான் வைப்பாங்க. மறைச்சு வைங்கன்னு கேக்குற மொத ஆளு நீங்கதான்" என்றார் அப்துல் ஜலீல். கூத்தாநல்லூர்க்காரர். தஞ்சாவூரில் பேட்டரி வண்டிகள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார்.

"வெளிய தெரியக் கூடாது பாய். முக்கியமா வீட்டுல" என்றார் சவரிராஜ்.

சவரிராஜ் பூதலூரில் பள்ளிக்கூட ஆய்வக உதவியாளராக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். மின்சாரத்தைப் பற்றி, பயப்படும் அளவுக்கு அவருக்குத் தெரியும்.

காரணம் ஒரு வேண்டுதல். மகள் ரோஸ்லினுக்கு ஏழாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்தது. ஒரு கிலோ இருநூறு கிராம். முப்பத்தொரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து பிழைத்தது. இப்போது ஒன்றரை வயது. கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது. போன மாதம் ஒருநாள் மதியம், மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே இருதயம்மாள் சொன்னாள்:

"ஏங்க, புள்ள பொழைச்சா நீங்க சைக்கிள் மிதிச்சு வேளாங்கண்ணிக்கு வருவீங்கன்னு மாதாகிட்டச் சொல்லியிருக்கேன். நான் பின்னாடி உட்காந்து செபமாலை சொல்லிக்கிட்டு வரணும்."

"என்னை ஒரு வார்த்தை கேக்காமயா?"

"அந்த நேரத்துல உங்களை எங்க தேடுறது? நீங்க டீக்கடையில நின்னீங்க. தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வார்டுல வேலை பாக்குற ராமாயி பக்கத்துலதான் இருந்தா. வேணும்னா அவளைக் கேளுங்க."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. டீக்கடையில் நின்றது உண்மை. அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கப் பயந்துகொண்டு முப்பத்தொரு நாளும் அங்கேதான் நின்றார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவளுக்கு வேண்டிக்கொள்ளும் உரிமை உண்டு என்று நினைத்தார்.

ஆனால் பூதலூரிலிருந்து வேளாங்கண்ணி நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. அவருடைய முழங்கால்கள் மாடிப்படி ஏறவே மறுத்துவந்தன. போகாமல் விட்டால்? கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறவள் இல்லை மாதா என்று அறிவு சொன்னது. அறிவு எப்போதும் சன்னமான குரலில்தான் பேசுகிறது. பயத்துக்குக் கோயில் மணி மாதிரிக் குரல்.

ஆகவே ஒரு நோட்டில் திட்டம் தீட்டினார். ஆய்வகப் பழக்கம். நோக்கம்: வேண்டுதலை நிறைவேற்றுவது. தேவையான பொருள்கள்: மோட்டார், பேட்டரி, மனைவிக்குத் தெரியாமை. செய்முறை: நான்கு பக்கம், படங்களுடன். 'முடிவு' என்று எழுதி, கீழே காலியாக விட்டிருந்தார்.

நோட்டைப் புரட்டிப் பார்த்த ஜலீல் கடைக்குப் பின்புறம் போய் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். சைக்கிள்தான். ஆனால் ஒருவர் இந்தப் பக்கமும் இன்னொருவர் அந்தப் பக்கமும் பிடித்து இழுத்துவிட்டது போல ஏழரை அடி நீளம். மாட்டுக் கொம்பாக விரிந்த ஹேண்டில். தாழ்ந்த இருக்கை. பெடல் எங்கோ முன்னால் இருந்தது.

"பெரிய கோயில் பாக்க வந்த வெள்ளைக்காரர் ஒருத்தர் விட்டுட்டுப் போனது. சாதா சைக்கிள்ல எதையும் ஒளிக்க முடியாது சார். இதுல பாருங்க, நடுவுல ஒரு மூட்டை நெல்லே வைக்கலாம்."

"இதை நான் ஓட்டுவேனா?"

"உட்காந்தா போதும். மிச்சத்தை மோட்டார் பாத்துக்கும். காலை மட்டும் சும்மா சுத்திக்கிட்டு இருங்க."

வண்டி தெருவுக்கு வந்த பத்தாவது நிமிடம் பிள்ளைகள் அதற்கு 'முதலை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இருதயம்மாள் இடுப்பில் கை வைத்து அதன் தலையிலிருந்து வால்வரை பார்த்தாள்.

"எதுக்குங்க இவ்வளவு நீளம்?"

"உனக்குத்தான் குதிகால் வலியாச்சே. காலை நீட்டி உட்காந்துக்கலாம்."

அவள் முகம் மலர்ந்தது. காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போகிறவள் அவள். அப்படியே விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மலர்ந்தவள் ஒரு யோசனையும் சொன்னாள்.

"நடுவுல இவ்வளவு இடம் சும்மா கிடக்கே. நம்ம மாதா சுரூபத்தை வச்சு, பூ கட்டி, சப்பரம் மாதிரி கொண்டுபோவோமா?"

நடுவில்தான் மோட்டார். நடுவில்தான் பேட்டரி. வேண்டாம் என்று சொல்ல ஒரு கிறிஸ்தவருக்குக் காரணமே கிடையாது.

மறுநாள் ஜலீல் சொன்னார். "நல்லதாப் போச்சு சார். தகரத்துல ஒரு பெட்டி அடிப்போம். கீழ மோட்டார், பேட்டரி. மேல உங்க மாதா. யாரு தெறந்து பாக்கப் போறா?"

"பொய்யை வச்சு, அதுக்கு மேல அவங்களை உட்கார வைக்கச் சொல்றீங்களே பாய்!"

"நாற்பத்தெட்டு வோல்ட்தான் சார். ஒண்ணும் ஆகாது."

சவரிராஜ் பயந்தது வோல்ட்டுக்கு மட்டுமல்ல என்பதை ஜலீலுக்கு எப்படி விளக்குவது? மோட்டாரை முடுக்க ஹேண்டிலில் கட்டைவிரலால் அழுத்தும் சுவிட்ச் ஒன்று இருந்தது. அது தெரியாமலிருக்க அதன் மேல் ஒரு செபமாலையைச் சுற்றிவிட்டார்.

புறப்படும் காலையில் பங்குச் சாமியார் வண்டியை மந்திரிக்க வந்தார். தீர்த்தத்தை வாளியில் கொண்டுவந்து தாராளமாகத் தெளிக்கிறவர் அவர். தண்ணீர் மட்டும் படக் கூடாது என்று ஜலீல் மூன்று தடவை சொல்லியிருந்தார். சவரிராஜ் ஓடிப்போய்க் குடையை எடுத்து மாதாவுக்கு மேலே விரித்துப் பிடித்தார்.

"என்ன சவரி?"

"அம்மாவுக்கு வெயில் படுது சாமி."

காலை ஆறு மணி. வெயிலே வரவில்லை. சாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தப் பக்தியைப் பாருங்க" என்று கூட்டத்துக்குக் காட்டினார். சவரிராஜுக்கு வியர்த்தது.

இருதயம்மாள் ஒரு நிபந்தனை போட்டாள். தஞ்சாவூரிலிருந்து நடைப்பயணம் போகும் கூட்டத்தோடு சேரக் கூடாது. அவர்களை எங்காவது கண்டால் வேகமாகத் தாண்டிவிட வேண்டும். "கூட்டத்துல செபம் சொல்ல வராதுங்க." அது அவருக்கும் வசதியாக இருந்தது. காவி உடுத்து நடந்துபோகிறவர்களைப் பார்த்தாலே அவள் முந்தானையைத் தலையில் இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். வெயில் என்றாள்.

வெண்ணாற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் குறுவை நெல் பச்சையாக நின்றது. அவர் காலைச் சும்மா சுற்றினார். பெட்டிக்குள்ளிருந்து 'ங்ங்' என்று மெல்லிய முனகல் வந்தது.

"என்னங்க சத்தம்?"

"புது பேரிங்."

அதன் பிறகு அவள் கேட்கவில்லை. செபமாலையை மட்டும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். நீளமான வண்டியில் அவருக்கும் அவளுக்கும் நடுவே நான்கடி தூரம். அந்த நான்கடியில் மாதா இருந்தாள். அப்படியே பத்து, பதினைந்து கிலோமீட்டர் போனார்கள். ஒரு மேட்டில் வண்டி திணறியபோது, "கொஞ்சம் இறங்கி நடக்குறியா?" என்று கேட்டார்.

"ஐயையோ, நான் உட்காந்து வரணும்னுல்ல வேண்டுதல்!"

முதல் நாள் அம்மாபேட்டையில் தங்கினார்கள். யாத்திரைக்காரர்களுக்குப் போட்டிருந்த பந்தலில், மாதாவைச் சுற்றிய சீரியல் விளக்குக்கு என்று சொல்லிப் பேட்டரியின் ஒயரைச் செருகினார். திரும்பிப் பார்ப்பதற்குள் நான்கு பெண்கள் பெட்டியின் மேல் மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள்.

"இங்க வேணாம்மா!"

"ஏன்? ஏத்தக் கூடாதா?"

அவர்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒவ்வொன்றாக ஊதி அணைத்தார். பிறத்தியார் வேண்டுதலை ஊதி அணைப்பது என்ன வகைப் பாவம் என்று அவருக்குத் தெரியவில்லை. இதற்குள் ஒரு பெண் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டவள் கையை உதறினாள்.

"அக்கா, தொட்டுப் பாருங்க! பீடம் கதகதன்னு உயிரோட இருக்கு!"

ஐந்தே நிமிடத்தில் வரிசை நின்றுவிட்டது. சார்ஜ் ஏறுகிற பேட்டரி சூடாகத்தான் இருக்கும் என்று ஒரு ஆய்வக உதவியாளர் சொல்லியிருக்கலாம். அவர் வரிசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

மறுநாள் நீடாமங்கலம் தாண்டி ஒரு பாலம். ஏற்றத்தில் கட்டைவிரலை நன்றாக அழுத்தினார். செபமாலையின் ஒரு மணி சுவிட்சின் இடுக்கில் போய்ச் சிக்கிக்கொண்டது. விரலை எடுத்தும் வண்டி நிற்கவில்லை. முதலை பாய்ந்தது. பெடலிலிருந்து இரண்டு காலும் நழுவிக் காற்றில் தொங்கின. நடந்துபோய்க்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி, வாயைப் பிளந்தார்கள்.

"மிதிக்கவே இல்லப்பா! மாதாவே இழுத்துக்கிட்டுப் போறா!"

"மரியே வாழ்க!"

பின்னால் ஐம்பது பேர் ஓடிவந்தார்கள். சவரிராஜ் செபமாலையைப் பிடித்து இழுத்தார். அது அறுந்து, மணிகள் பாலமெல்லாம் உருண்டன. வண்டி நின்றது. ஓடிவந்தவர்கள் அந்த மணிகளைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இருதயம்மாள் முகத்தை மூடியபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவள் நம்பிவிட்டாள் என்று அவர் நினைத்தார். அதை நினைக்க இன்னும் பயமாக இருந்தது.

அப்போது போன் அடித்தது. ரோஸ்லின்.

"அப்பா, பாப்பாவுக்கு லேசாக் காய்ச்சல். நேத்து தடுப்பூசி போட்டோம்ல, அதான். பயப்படாதீங்க."

தடுப்பூசி என்ற சொல் அவர் காதில் விழவே இல்லை. காய்ச்சல் மட்டும்தான் விழுந்தது. மனைவியிடம் சொன்னார். அவள் சட்டென்று வண்டியிலிருந்து இறங்கினாள்.

"நான் கொஞ்சம் நடந்து வரேங்க."

"எதுக்கு?"

"சும்மா. கால் மரத்துப்போச்சு."

"ஏறு இருதயம்! உட்காந்து வர்றேன்னு வேண்டிட்டு நடந்தா என்ன அர்த்தம்? இருக்குற குத்தம் பத்தாதா? புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

அவள் ஏறி உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். 'இருக்குற குத்தம்' என்று வாய்தவறிச் சொன்னதை அவள் கவனிக்கவில்லை என்பது மட்டும்தான் அவருக்கு ஆறுதல்.

இரண்டாம் நாள் தங்கல் திருவாரூரில். காலையில் எழுந்து பார்த்தால் மாதாவின் ஒயரைப் பிடுங்கிப்போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஐந்து செல்போன்கள் வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன.

"விளக்குதானே தாத்தா, விடியறப்ப எதுக்கு?" என்றாள் போன் வைத்திருந்த ஒரு கல்லூரிப் பெண்.

கீழ்வேளூர் தாண்டியதும் மோட்டார் ஒருமுறை முனகி அடங்கியது. மோட்டார், பேட்டரி, தகரம், மாதா, இருதயம்மாள், ஒரு மூட்டைச் சமையல் சாமான் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு அவர் நிஜமாகவே மிதிக்க ஆரம்பித்தார். முழங்காலில் யாரோ ஆணி அடிப்பது போல வலித்தது. அந்த வலி அவருக்கு வேண்டியிருந்தது. "நான் இறங்குறேங்க" என்று அவள் ஐந்து தடவை கெஞ்சினாள். ஐந்து தடவையும், "வேண்டுதல்னா வேண்டுதல்தான், உட்காரு" என்று அதட்டினார். வாழ்நாளில் அவளை அவர் அதட்டியது இந்தப் பயணத்தில்தான்.

கோயில் கோபுரம் தெரிந்த இடத்தில் வண்டியை நிறுத்தினார். கடல் காற்று அடித்தது. இனித் தாங்காது என்று தோன்றியது.

"இருதயம், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். இந்தப் பெட்டிக்குள்ள மோட்டார் இருக்கு. கீழ்வேளூர் வரைக்கும் நான் மிதிக்கல. காலைச் சும்மா சுத்தினேன். மாதாவை ஏமாத்திட்டேன். அதனாலதான் புள்ளைக்குக் காய்ச்சல்."

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். கறி, முட்டை ஒதுக்க வேண்டிய தவசுக்காலத்தில் அவர் ஒரு ஆம்லெட் தின்றதை நான்கு வருடம் சொல்லிக்காட்டியவள் அவள்.



"சரி, விடுங்க" என்றாள். "அம்மா பெரிய மனசுக்காரி. மன்னிப்பா."

அவர் கண்ணைத் திறந்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். மோட்டார்ல வந்தா என்ன, வந்தோம்ல. வாங்க, சீக்கிரம் மெழுகுவத்தி ஏத்திட்டு ஊருக்குப் போயிடுவோம். தஞ்சாவூர்க் கூட்டம் வர்றதுக்குள்ள."

முதுகிலிருந்து ஒரு மலையை இறக்கிவைத்தது போல இருந்தது அவருக்கு. இப்படிப்பட்ட மனைவியிடம் போய் நோட்டுப் போட்டு மறைத்தோமே என்று வெட்கப்பட்டார். அந்த நேரம் போனும் அடித்தது. காய்ச்சல் விட்டுவிட்டது, பாப்பா செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறான் என்றாள் ரோஸ்லின். சவரிராஜ் அங்கேயே மண்ணில் முழங்காலிட்டார்.

"இருதயக்கா!"

காவிச் சேலை, கொப்புளம் வெடித்துத் துணி சுற்றிய பாதங்கள். நடைப்பயணக் கூட்டத்திலிருந்து விலகி, வாயெல்லாம் சிரிப்பாக நொண்டிக்கொண்டு வந்தாள் வார்டு ராமாயி. இருதயம்மாள் முந்தானையைத் தலைக்கு இழுப்பதற்குள் அவள் வந்தே விட்டாள். முதலையை ஒரு தடவை பார்த்தாள். மண்ணில் மண்டியிட்டிருந்த சவரிராஜைப் பார்த்தாள். கடைசியில் இருதயம்மாளின் தூசிகூடப் படாத கால்களைப் பார்த்தாள்.

"என்னக்கா இது, 'பேரன் பொழைச்சா நான் வெறுங்காலோட நடந்தே வர்றேன் தாயே'ன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதது நீ, அண்ணன் எதுக்கு சைக்கிள்ல வந்து மண்டி போட்டிருக்காரு?"