லோகாம்பாளுக்கு ஒரு கொழப்பமும் இல்லை

மட்டாஞ்சேரித் தமிழ்ச் சங்கத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் பழசு. அவற்றில் எந்த லினக்ஸைப் போடலாம் என்று சொல்லும் பொறுப்பு சங்கர்ராமிடம் வந்தது. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. படகுக் கம்பெனியில் குப்பை கொட்டிய இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் அபிப்பிராயம் என்று ஒன்றைக் கேட்டதே கிடையாது.

கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் என்பது ஒரே சரக்குதான். ஆளாளுக்கு ஒரு பக்குவத்தில் சமைத்து, ஒரு பெயரை வைத்து இலவசமாகப் பரிமாறுகிறார்கள். சங்கர்ராம் எதையும் குறை சொல்ல மாட்டார். உபுண்டு புது ஆளையும் கைபிடித்து அழைத்துப் போகும் என்பார். ஃபெடோராவில் புதுசெல்லாம் சுடச்சுட வந்துவிடும். டெபியனின் நிதானத்தைப் பற்றி எழுந்து நின்றுதான் பேசுவார். வீட்டில் முதலில் போட்டது என்னவோ மின்ட்தான். போட்ட அன்றே எல்லாம் ஒழுங்காக ஓடியது. நோண்டுவதற்கு ஒன்றுமே இல்லை. அலுத்துப்போய் எடுத்துவிட்டார்.

பரிசோதனைக்கு அகப்பட்டவள் மனைவி லோகாம்பாள். மலையாளம் மட்டும் எழுதத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் தமிழ் சொல்லிக்கொடுப்பாள். அவர் அப்போது ஆபீஸில் இருப்பார். மாதம் ஒரு லினக்ஸ் மாற்றுவார், வீடு திரும்பியதும் விசாரிப்பார்.

"க்ளாஸ் எப்படிப் போச்சு?"

"ஒரு கொழப்பமும் இல்லை."

எதை மாற்றினாலும் இதே பதில். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. வைட்டிலா பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரரிடம்கூட லினக்ஸின் பெருமையைச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கச் செயலாளர் முத்துவேலை வீட்டுக்கு அழைத்தார். தோப்பும்படியில் மீன்வலைக் கடை வைத்திருப்பவர், கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். சாயா ஆறும்வரை சங்கர்ராம் பேசினார். தீர்ப்பு ஃபெடோரா, முந்தின நாள்தான் போட்டது, சாட்சி லோகாம்பாள்.

"அம்மா, நீங்க தினமும் செய்யற மாதிரியே செஞ்சு காட்டுங்க" என்றார் முத்துவேல்.

லோகாம்பாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து ஒரு பென் டிரைவைக் கழற்றிச் செருகினாள், ஸ்விட்சைப் போட்டாள். திரையில் வந்து நின்றது மின்ட். தமிழ்த் தட்டச்சு, பாடங்கள், படங்கள் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன.

சங்கர்ராம் திரையருகே குனிந்தார். "இது எப்போலேர்ந்து?"

"நீங்கோ மின்ட்டை எடுத்த அன்னிலேர்ந்து. நீங்கோ பண்றதைப் பாத்துப் பாத்து நானே இதுல போட்டுண்டேன். பென் டிரைவ் இருந்தா கம்ப்யூட்டர் அதுலேர்ந்துதான் முதல்ல தொடங்கணும்னு நீங்கோதானே பண்ணி வெச்சிருக்கேள்?"

வாஸ்தவம். மாதாமாதம் பென் டிரைவ் வழியாக லினக்ஸ் மாற்றுகிறவர் அந்த ஏற்பாட்டைத் திருப்பி வைத்ததே இல்லை. கோபம்தான் முதலில் வந்தது. திரையைப் பார்க்கப் பார்க்க அது வடிந்து, பிரமிப்பாகிவிட்டது. இவ்வளவு சுத்தமாக அவரே ஒன்றை அமைத்ததில்லை.

முத்துவேல் எழுந்தார். சங்கத்துக்கும் இதையே போட்டுவிடலாம் என்றார். சந்தேகம் வந்தால் கேட்க வேண்டுமே என்று லோகாம்பாளின் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா, லோகா?"

"சொல்லியிருந்தா இதையும் மாத்தியிருப்பேளே."