பார்க் எக்லோஸ் வயலில் புதைந்த சர்ச்

சனிக்கிழமை படகுப் பந்தயத்தைப் பார்த்தே தீருவது என்று டென்சில் சபதம் எடுத்தான். அவன் மனைவி லவ்டேயோ, வீட்டுக்குப் பின்னாலிருந்த வயலைக் கொத்தி உருளைக்கிழங்கு நடாமல் யாரும் கடற்கரைப் பக்கம் தலைவைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தாள். மண்வெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் டென்சிலுக்கு இடுப்பு வலித்தது. உட்கார்ந்தான், எழுந்தான், அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தான். சட்டென்று மூளை வேலை செய்தது.

"லவ்டே, அந்த வயல் பேரென்ன?"

"பார்க் எக்லோஸ். ஏன், மறந்துபோச்சா?"

"நம்ம பழைய கார்னிஷ் பாஷையில பார்க்னா வயல், எக்லோஸ்னா சர்ச்! வயலுக்கடியில சர்ச் புதைஞ்சு கிடக்கு. புனிதருங்க எலும்பு இருக்கும். அதுல போய் மண்வெட்டியை வைக்கிறதா? பாவம்டி!"

"ஞாயித்துக்கிழமை பிரார்த்தனைக்கே உன்னைத் தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போக வேண்டியிருக்கு. திடீர்னு என்ன பக்தி?"

"வயசாகுதில்ல."

லவ்டே மண்வெட்டியை எடுத்து மூலையில் சாத்தினாள். "நீ சொல்றதும் சரிதான் ராசா. கொத்த வேணாம்" என்றாள். டென்சிலுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை சுலபமா!

சனிக்கிழமை காலை தொப்பியை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தால், வாசலில் ஊர் வரலாற்றுக் கழகமே நிற்கிறது. ஆளுக்கொரு மண்வெட்டி. முன்னால் தலைவர் பென்ரோஸ், பூரிப்பில் கண்ணெல்லாம் கலங்கி.

"லவ்டே போன் பண்ணாங்க. வயலுக்கடியில சர்ச் இருக்குன்னு கண்டுபிடிச்சது நீங்கதானாமே! வாங்க, நீங்க இல்லாம எப்படி ஆரம்பிக்கிறது?"

"எனக்கு ஒரு சின்ன வேலை..."

"எலும்பு கிலும்பு கிடைச்சா நிலத்துக்காரர் பக்கத்துல இருந்தாகணும் சார்!"

அவ்வளவுதான். கழகத்தார் மூலைக்கு மூலை தோண்டினார்கள், கல் பொறுக்கினார்கள், கட்டியை உடைத்து விரலால் சலித்தார்கள். டென்சில் டீ ஊற்றினான், குங்குமப்பூ பன் நீட்டினான். கடற்கரையிலிருந்து "துடுப்பை இழு! இழு!" என்று கூச்சல் வரும்போதெல்லாம் வேலிவரை ஓடினான். பென்ரோஸ் கூப்பிடுவார், திரும்பி ஓடி வருவான்.

சாயங்காலம் கிடைத்தது ஓர் உடைந்த டீப்பாத்திர மூடி. கழகத்தார் குழிகளை மூடி, மண்ணை நிரவி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிளம்பினார்கள். வயல் பொலபொலவென்று கிடந்தது. லவ்டே விதைக்கிழங்குக் கூடையோடு வந்து நின்றாள்.

"சர்ச்சும் இல்ல, கிர்ச்சும் இல்ல. எல்லாம் வீண்" என்றான் டென்சில்.

"எப்படி இருக்கும்? இது சர்ச்சுக்குச் சொந்தமா இருந்த நிலம். அதான் அந்தப் பேரு. எங்கப்பா அவங்ககிட்டதான் வாங்கினாரு."

"அடிப்பாவி! அன்னைக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா நீ ஒருத்தன்தானே ராசா கொத்தியிருப்பே?"