விழாத சர்வர் விழுந்த கதை

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் ஒரு மகத்தான முடிவெடுத்தேன். இந்தப் பிறவியில் இனி பீரோ தூக்குவதில்லை.

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், அன்றைக்கு வீடு மாறுகிறார். புது வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மூன்று இரும்பு பீரோக்கள். போன தடவை அவரிடம் இருந்தது ஒரே பீரோதான். அதைத் தூக்கியதற்கே என் முதுகு பதினோரு நாள் என்னோடு பேசவில்லை.

நான் ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிவு என்றால் நான் ஒருவன்தான். நோயாளிகளின் மருந்துப் பட்டியல், பரிசோதனை முடிவு, டாக்டரைப் பார்க்க முன்பதிவு என்று மூன்று அப்ளிகேஷன்கள் ஒரே சர்வரில் ஓடுகின்றன. அது படுத்துவிட்டால், பக்கத்தில் சும்மா நிற்கும் மாற்று சர்வருக்கு மூன்றையும் மாற்ற வேண்டும். போன மாதம் அது படுத்தபோது நான் போய்ச் சேரவே மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சர்வரை மாத்த மாட்டேன், ஆளை மாத்திடுவேன்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

அந்த சர்வரைத்தான் அன்று துணைக்கு அழைத்தேன்.

"அடடா!" என்று போனைப் பார்த்துத் தலையில் கை வைத்தேன். "சர்வர் விழுந்துடுச்சாம்!"

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முகத்தைப் பார்த்தே மார்க் போட்டுவிடுவாள்.

"எப்போ விழுந்துச்சு?"

"இப்போதான்."

"சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"சாயங்காலம் ஆயிடும். மூணு அப்ளிகேஷனையும் தூக்கி மாத்து சர்வர்ல வைக்கணுமே!"

"பாவம்ங்க. இங்கயும் மூணு, அங்கயும் மூணு. இன்னிக்கு நீங்க மூணைத் தூக்கியே ஆகணும்னு இருக்கு."

டிபன் டப்பா கட்டிக் கொடுத்தாள். "பாத்துப் போங்க" என்றாள். மனசு உறுத்தியது. தெருமுனை திரும்பியதும் உறுத்தல் நின்றுவிட்டது.

நேராக என் கம்பவுண்டர் நண்பர் வீட்டு மாடிக்குப் போனேன். அங்கே கேரம் போர்டு தயாராக இருந்தது. மனைவி கூப்பிட்டால் காய் தட்டும் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும் என்று போனை அணைத்தேன். எட்டு ஆட்டம் ஆடி ஆறில் ஜெயித்தேன்.

ஐந்து மணிக்குச் சட்டையைக் கசக்கி, தலையைக் கலைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். கேட்காமலே காபி வந்தது.

"சரியாயிடுச்சா?"

"விடுவேனா? போராடி எழுப்பிட்டேன்."

"எப்படிங்க எழுப்பினீங்க? சொல்லுங்களேன்."

இப்படி ஆசையாகக் கேட்டால் எந்தப் புருஷனுக்கு வாய் அடங்கும்?

"முதல்ல மாத்து சர்வரை எழுப்பினேன். மருந்துப் பட்டியலை அதுல ஓட விட்டேன். அப்புறம் பரிசோதனை முடிவு, அப்புறம் முன்பதிவு. எல்லாம் ஓடினதும் பழைய சர்வரை அணைச்சேன்."

"கடைசியிலயா அணைச்சீங்க?"

"ஆமா."

"பழசை முழுசா அணைக்காம புதுசை எழுப்பினா, ரெண்டும் நான்தான் பெரியவன்னு எழுத ஆரம்பிச்சிடுமே! ஒரே நோயாளிக்கு ரெண்டு மருந்துப் பட்டியல் வந்துடாதா?"

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இதெல்லாம் உனக்கு எப்படி..."

"மாத்து சர்வர்ல கடைசியா வந்திருந்த பதிவு எத்தனை மணிக்குன்னு பாத்தீங்களா?"

"பா... பாத்தேன். ஏழு மணி."

"பதினொண்ணு நாற்பது," என்றாள். "சர்வர் விழுந்ததே அப்போதான்."

நான் பொய்யாகத் தள்ளிவிட்ட சர்வர், நிஜமாகவே விழுந்து தொலைத்திருக்கிறது!

என் போன் அணைந்து கிடந்ததால் மேனேஜர் மனைவியின் போனுக்கு அடித்திருக்கிறார். போன மாதத் திட்டுக்குப் பிறகு, சர்வர் மாற்றும் முறையை எழுதித் தரச் சொல்லியிருந்தார் அவர். என் கையெழுத்து எனக்கே புரியாது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் நோட்டில் எழுதினாள். வரிக்கு வரி "ஏன்?" என்று கேட்டு, அந்தக் காரணத்தையும் எழுதி வைத்தாள். அதை ஆபீசுக்குக் கொண்டுபோக நான் தினமும் மறந்துகொண்டிருந்தேன்.

"அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிட்டிருந்தேன். உங்க மேனேஜர் அழாத குறை. நோட்டை எடுத்து போன்லயே படிச்சேன், அவர் தட்டினார். ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொல்ல வெச்சேன். ஒரு இடத்துல அவசரப்பட்டார், முதல்லேர்ந்து ஆரம்பிங்கன்னுட்டேன். இருபத்திரெண்டு நிமிஷத்துல மூணும் ஓடிடுச்சு."

"நான் எங்கேன்னு கேட்டாரா?"

"கேட்டார். பஸ்ஸுல மாட்டிக்கிட்டார், போன்ல சார்ஜ் இல்ல, இப்படி ஏதாவது ஆனா படிச்சுக் காட்டணும்னு நோட்டு போட்டு வெச்சதே அவர்தான்னு சொன்னேன்."

நான் பொய் சொல்லி என் முதுகைக் காப்பாற்றிக்கொண்டேன். அவள் பொய் சொல்லி என் வேலையைக் காப்பாற்றியிருக்கிறாள். வார்டில் படுத்திருந்த அத்தனை பேருக்கும் வேளைக்குச் சரியான மருந்து போனதும் அவளால்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதில் நடிப்பு இல்லை, நம்புங்கள்.

"உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலம்மா. நீ மட்டும் இல்லேன்னா..."

"அது இருக்கட்டும். எங்க இருந்தீங்க?"

"கேரம்."

"ஜெயிச்சீங்களா?"

"ஆறு ஆட்டம்."

"அதையாவது ஒழுங்கா பண்ணீங்களே," என்று சிரித்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு திட்டு கூட இல்லை. இப்படி ஒரு மனுஷி கிடைக்க நான் என்ன செய்தேன் என்று உருகிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது அவள் போன் அடித்தது. மேனேஜர். நானே எடுத்தேன்.

"மெயின் சர்வரை ரிப்பேர் பண்ணிட்டாங்க. மூணையும் திரும்ப அதுக்கு மாத்தணும்," என்றார்.

மனைவி பட்ட பாட்டுக்கு இதையாவது உருப்படியாகச் செய்வோம் என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"கவலையே வேண்டாம் சார். இதோ, நானே நேர்ல வந்து மாத்திடறேன்."



"வாங்க, வாங்க. வரும்போது டீச்சரம்மாவையும் கூட்டிட்டு வந்துடுங்க. அவங்க சொல்லச் சொல்ல நீங்க தட்டினா போதும்."