ஹீற்றருக்குள்ளை போன மடுத் தீர்த்தம்

சேசு மரி சூசை

இக்காஸ்ட், டென்மார்க்
18.11.1986

அன்புத் தங்கச்சி அருமைநாயகி அறிய, அக்கா யோகம்மா எழுதுவது. மாதாவின் கிருபையால் நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே இருக்கத் தினமும் மன்றாடுகிறேன். மகள் செலீனாவின் மூத்தவன் டெனிஷ் பாசையில் ரீச்சரையே சிரிக்க வைக்கிறான். இளையவள் இரண்டு கையையும் விட்டுச் சைக்கிள் ஓடுகிறாள். தாய் ஏசுவாள், எனக்குப் பெருமை. கடைக்குட்டி பிறந்து மாதம் ஒண்டாகேல்லை, அதுக்குள்ளை தலை நிமிர்த்திப் பாக்கிறான்.

நான் ஊராலை வெளிக்கிடேக்கை பெட்டிக்குள்ளை நீ போத்தலிலை வைச்சுவிட்ட மடு மாதா கோயில் தீர்த்தத்துக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். கடைக்குட்டியின்ரை ஞானஸ்நானத்துக்கெண்டு பொத்தி வைச்சிருந்தன். செலீனா பிள்ளையோடை ஆசுப்பத்திரியாலை வாற அண்டு பாத்து வீடு விறைச்சுப் போச்சு. இஞ்சை கழுவுற அறையிலை ஒரு பொயிலர் தண்ணியைக் காய்ச்சி, யன்னலுக்குக் கீழை இருக்கிற ஹீற்றர் எண்ட இரும்புப் பெட்டியளுக்குப் பைப்பாலை அனுப்பும். எங்கடை பெட்டியெல்லாம் சேறு அடைச்சுக் கிடந்திருக்கு. மருமோன் அல்பேட், நீல்ஸ் எண்ட பைப் வேலைக்காரரைக் கூட்டியந்தார். அவர் அடியிலை இருந்த திருகிலை றப்பர் குழாயைப் பூட்டி, மற்ற நுனியைக் கழிவுத் தண்ணிக் கானுக்கை விட்டு, மேலாலை நல்ல தண்ணியைத் திறந்தார். கிணறு இறைக்கேக்கை வாற மாதிரிக் கறுப்பா வந்துது. தெளியுமட்டும் விட்டிட்டு, திரும்ப நிரப்ப வேறை குழாய் எடுத்தார். பூட்டமுன்னம் குழாய் முட்டத் தண்ணி நிக்கவேணுமாம், உள்ளுக்குக் காத்துப் போனால் பெட்டி சுடாதாம். நான் ஓடிப்போய் உன்ரை போத்தலைக் கொண்டந்து குழாய் வாயிலை ஊத்தினன்.

"ஐயோ மாமி, என்ன செய்யிறியள்!"

"விறைக்கப் போறது உம்மடை பிள்ளை. சும்மா நில்லும்."

நீல்ஸ் போத்தலைப் பாத்து என்னவோ கேட்டார். பைப்பிலை படியிற சுண்ணாம்பு இல்லாத தண்ணியோ எண்டு கேட்டவராம், மருமோன் சொன்னார். சுண்ணாம்பு இல்லையெண்டன். அப்ப திறமாம்.

பின்னேரமே எல்லாப் பெட்டியும் சுட்டுது, தங்கச்சி! பிள்ளை வந்து தொப்பியில்லாமல் நித்திரை கொண்டான். நீல்ஸுக்கு ரொட்டியும் சம்பலும் குடுத்தன்; கண்ணாலை தண்ணி ஓட ஓட இன்னும் கேட்டார். உன்ரை தீர்த்தம் இப்ப அறை அறையா ஓடுது. உனக்குக் கோடி புண்ணியம். ஞானஸ்நானத்துக்கு என்ன செய்வாய் எண்டு யோசியாதை, உள்ளுக்கை இருக்கிறது முழுக்கத் தீர்த்தம்தானே, அடித் திருகாலை ஒரு போத்தல் எடுப்பன்.

அங்கை எல்லாருக்கும் என்ரை ஆசீர்வாதம்.

அன்பு அக்கா
யோகம்மா

பி.கு.: கடிதம் ஒட்டமுன்னம் ஞானஸ்நானம் முடிஞ்சுது. போத்தல் எடுத்தன், கோப்பி மாதிரி வந்துது. சுவாமி மணந்து பாத்திட்டு, கோயில் தண்ணியாலை குடுத்தார். திருகை நான் வடிவாப் பூட்டேல்லைப் போலை. தண்ணியெல்லாம் ஒழுகி வீடு பழையபடி விறைக்குது, பிள்ளைக்கு இரண்டு தொப்பி. நீல்ஸ் திரும்ப நிரப்ப வந்து, குழாயைக் கையிலை வைச்சுக்கொண்டு, அந்தச் சுண்ணாம்பில்லாத தண்ணி இன்னும் இருக்கோ எண்டு என்னைத்தான் பாக்கிறார். ஆரும் இஞ்சாலை வந்தால் ஒரு போத்தல் குடுத்துவிடு. அதைத் தந்த ஆளையும் அவருக்குப் பாக்கவேணுமாம். என்னட்டை இருக்கிறது உன்ரை பழைய கலியாணப் படம்தான். புதுப் படமொண்டு எடுத்துக் கெதியாத் தபாலிலை போடு.