நடப்பவர்களுக்கு மட்டும்

சக்கரத்தைக் கண்டுபிடித்தபோது மனித குலம் ஒரு படி ஏறியது. ஓசூர்க் கடைத்தெருவில் அதே சக்கரத்தைத் தடை செய்தபோது உச்சிக்கே போய்விட்டது. நீல வட்டத்துக்குள் ஒருவர் நடந்துபோகும் பலகை நட்டு, அந்தத் தெருவை "நடப்பவர்களுக்கு மட்டும்" என்று அறிவித்தாயிற்று.

பலகையை மக்களுக்குப் "புரியவைக்க" பாதசாரி மேம்பாட்டுக் குழு நான்கு கார்களில் வந்தது. கார்களைத் தெருவுக்குள்ளேயே, பலகைக்கு நேர் கீழே, நிழல் பார்த்து நிறுத்தியது. தெரு அடைபட்டதும் எல்லோரும் வேறு வழியாகப் போய்விட்டார்கள். இரண்டு கார்களுக்கு நடுவே ஒருக்களித்து நுழைந்து வந்தவள் ராஜாத்தி ஒருத்திதான். மூக்கண்டப்பள்ளிக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்த வேலை. கம்பெனி பஸ் மதியம் ஒன்று நாற்பதுக்கு. இந்த மாதம் இரண்டு முறை தாமதமாகிவிட்டது. மூன்றாவது என்றால் வேலை இல்லை. இப்போது மணி ஒன்று இருபத்தைந்து.

"பாதசாரி கிடைச்சிட்டாங்க!" என்று பூரித்தார் ஒருங்கிணைப்பாளர் ஜெபராஜ். "அம்மா, இந்தப் பலகை என்ன சொல்லுது?"

"நீல வட்டம்னா இப்படித்தான் செய்யணும், செவப்புன்னா செய்யக் கூடாது. இது நடக்கறவங்க மட்டும் போற வழி. கம்பெனில சேர்ந்த அன்னிக்கே சொல்லிக் குடுத்துட்டாங்க சார். உடுங்க, பஸ்ஸு போயிரும்."

குழு திடுக்கிட்டது. பயிற்சிக்கு முன்பே புரிந்துகொள்ள விதிமுறையில் இடமில்லை.

தலைவர் வெள்ளைச்சாமி கனிவாகச் சொன்னார்: "முறைப்படி ஒருக்கா புரிஞ்சுக்கம்மா. மூணே கட்டம்தான்."

"அப்ப இந்தக் காருங்க ஏன் சார் இங்க நிக்குது?"

"கேள்வியெல்லாம் கடைசில."

முதல் கட்டம், தமிழில் விளக்கம். இரண்டாவது, அதையே தெலுங்கிலும் கன்னடத்திலும். பாகலூர்ப் பக்கத்து மக்களுக்கும் புரிய வேண்டுமல்லவா? கேட்டுக்கொண்டிருந்த மக்கள் ராஜாத்தி மட்டுமே. மூன்றாவது, புகைப்படம். நடக்க இடமில்லாததால், "நடக்கற மாதிரி நில்லுங்க" என்றார் ஜெபராஜ். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அப்படியே நின்றபடி, தெருமுனையில் பஸ் கிளம்பிப் போவதைப் பார்த்தாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"பஸ்ஸு போயிடுச்சு சார்."

"முகத்த மட்டும் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வைம்மா."

அவள் கையில் "புரிதல் சான்றிதழ்" கொடுத்துவிட்டுக் குழு பிரியாணி சாப்பிடப் போனது. நடைபாதையோ பலகையோ இல்லாத நெடுஞ்சாலை ஓரமாக, லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, ராஜாத்தி கம்பெனிவரை நடந்தாள். கேட்டில் சான்றிதழைக் காட்டினாள். பெயரை அடித்துவிட்டார்கள்.

குழுவின் அறிக்கை மறுநாளே வெளிவந்தது: "திட்டம் தொடங்கிய முதல் நாளிலேயே ஓசூரில் நடப்பவர்களின் எண்ணிக்கை ஒன்று கூடியுள்ளது."

அதில் பொய்யே கிடையாது. திட்டம் தொடங்கும்வரை ராஜாத்தி கம்பெனி பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தாள்.