சாய்ந்து நின்ற பகடை

ஒரு காட்டில் ஒருவரை ஒருவர் அடித்துத் தின்பதற்குக்கூட விதிமுறை இருந்தது. முன்பு அங்கே கூடாரம் போட்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள், வீரர்களும் பூதங்களும் மோதிக்கொள்ளும் ஏதோ சண்டை விளையாட்டு ஆடிவிட்டு, அதன் விதிப் புத்தகத்தையும் இருபது முகமுள்ள பகடையையும் மறந்துவிட்டுப் போய்விட்டார்கள். அவை குரங்கின் கையில் கிடைத்திருந்தால் பிய்த்துப் போட்டிருக்கும், காடு பிழைத்திருக்கும். கிடைத்தது ஆமை மாசிலாமணியின் கையில். அது உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டது.

அன்றிலிருந்து யாரும் யார் மேலும் சும்மா பாயக் கூடாது. பாய்கிறவர் முதலில் பகடை உருட்ட வேண்டும். எதிராளியின் காப்பு எண்ணைத் தாண்டி விழுந்தால் அடி பட்டதாகக் கணக்கு. தாண்டாவிட்டால் எதிராளியின் முறை. அவர் ஓட நினைத்தால் ஓடலாம். நடுவில் சந்தேகம் வந்தால், நடுவரான ஆமை தீர்ப்புச் சொல்லும்வரை இருவரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. வேறு சண்டைக்கும் போகக் கூடாது.

புலி இதற்கு எப்படிச் சம்மதித்தது என்று கேட்பீர்கள். ஆமை அதற்கு 'ஒன்பதாம் படி வீரர்' என்று பட்டம் கொடுத்திருந்தது. பட்டம் கொடுத்தால் புலியும் பூனையாகும்.

ஒருநாள் அந்தப் புலி, ஓடைக்கரையில் அறுகம்புல் மேய்ந்துகொண்டிருந்த சிங்காரம் என்ற முயலை மடக்கியது. ஆமை வரவழைக்கப்பட்டது. முயலின் காப்பு எண் பன்னிரண்டு என்று அறிவித்தது. புலி பகடையை உருட்டியது. அது உருண்டு போய், ஒரு வேரில் சாய்ந்து நின்றது. பதினெட்டு மாதிரி தெரிந்தது.

புலி வாயைத் திறந்தது.

"ஐயா, ஒரு சந்தேகம்," என்றது சிங்காரம். "பகடை சாய்ஞ்சுல்ல நிக்குது. இது செல்லுமா?"

ஆமை புத்தகத்தைப் புரட்டியது. சாய்ந்த பகடையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. "விசாரிக்க வேண்டிய விஷயம்தான்," என்று தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

விசாரணை தொடங்கியது. செல்லும் என்று புலிக்காக எத்திராஜ் என்ற கழுதை வாதாடியது. செல்லாது என்று சிங்காரம் தனக்காகத் தானே வாதாடியது. ஆமை இரண்டையும் கேட்டுவிட்டு நாளைக்குப் பார்ப்போம் என்றது. மறுநாளும் அதையே சொன்னது. சிங்காரம் இருந்த இடத்திலேயே புல்லைத் தின்று கன்னம் உப்பியது. புலிக்கு விலா எலும்பு எண்ணலாம் போல ஆகிவிட்டது. பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று எவனோ பழமொழி வேறு சொல்லி வைத்துவிட்டதால், அதற்கும் வழியில்லை.

ஒருநாள் காலையில் சிங்காரத்தின் மனைவி செல்லாயி மூச்சிரைக்க ஓடி வந்தது.

"ஏங்க, புலியாரால இனிமே முடியாதாம். இன்னிக்குப் பொழுது சாயுற வரைக்கும் தீர்ப்பு வரலைன்னா, வழக்கை விட்டுட்டு வேற காட்டுக்குப் போறாராம். நரி சொல்லுச்சு. இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தா போதும்ங்க."

"நான் எதுக்குப் பேசப் போறேன்?" என்றது சிங்காரம். உயிர் யாருக்குத்தான் வெல்லக்கட்டி இல்லை? அது உண்மையாகவே பேசாமல் இருக்கத்தான் நினைத்தது.

சபை கூடியது. எத்திராஜ் எழுந்து தொண்டையைக் கனைத்தது.

"வாழைப்பழத்தைச் சாய்ச்சு வெச்சாலும் வாழைப்பழம்தானே? பகடையும் அப்படித்தான். இதை ஏழாம் அத்தியாயத்துலயே தெளிவாச் சொல்லியிருக்கு."

மிருகங்கள் தலையை ஆட்டின. சிங்காரத்துக்குக் காது துடித்தது. ஏழாம் அத்தியாயம் மந்திரவாதிகளைப் பற்றியது. அதற்கும் பகடைக்கும் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் உள்ள சம்பந்தம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஏழாம் அத்தியாயம்," என்று எத்திராஜ் மறுபடியும் சொன்னது.

"அது மந்திரவாதிங்களுக்குய்யா," என்று சிங்காரம் துள்ளி எழுந்துவிட்டது. செல்லாயி தலையில் அடித்துக்கொண்டது.

அப்புறம் சிங்காரத்தைப் பிடிக்க முடியவில்லை. "பகடைக்கு மேல் முகம்தான் கணக்கு. சாய்ஞ்ச பகடைக்கு மேல் முகமே கிடையாது. முகம் இல்லைன்னா எண் இல்லை. எண் இல்லைன்னா உருட்டவே இல்லைன்னு அர்த்தம். இனிமே உருட்டினா, தட்டையான பாறையில, இலை தழையெல்லாம் பெருக்கித் தள்ளிட்டு உருட்டணும். அப்பதான் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது," என்றது.

எத்திராஜ் காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. ஆமை கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"நான் முட்டையிலிருந்து வந்த நாளாக இப்படி ஒரு வாதம் கேட்டதில்லை. சாய்ந்த பகடை செல்லாது. சிங்காரத்தின் கட்சியே ஜெயித்தது."

குரங்குகள் சிங்காரத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. வாழ்நாளில் அது அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

"ஆகவே," என்றது ஆமை, "புலியார் மறுபடி உருட்டலாம்."

குரங்குகள் சிங்காரத்தை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தன.

தட்டையான பாறை ஒன்றைப் பார்த்துப் பெருக்கின. புலி உருட்டியது. பகடை நடுப்பாறையில் நின்றது. பத்தொன்பது.

சிங்காரம் பகடையை ஒருமுறை சுற்றி வந்தது. குப்புறப் படுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தது.

"சந்தேகம் ஏதாவது உண்டா?" என்று கேட்டது ஆமை.

உண்டு என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். செல்லாயி தூரத்திலிருந்து காதை ஆட்டி ஆட்டிச் சைகை காட்டியது. ஆனால் விதி தெரிந்தவனுக்கு அந்தப் பொய் மட்டும் வாயில் வராது.

"இல்லீங்க," என்றது சிங்காரம், கொஞ்சம் பெருமையாகவே. "ரொம்பச் சரியா நிக்குது."

புலி அதற்குப் பதில் சொல்லவில்லை. அதன் வாய்க்கு வேறு வேலை வந்துவிட்டது.

*

நீதி: எதிராளி தப்பாகப் பேசினால் திருத்தாதே. அதிலும் உன்னைத் தின்னலாமா என்பதுதான் பேச்சு என்றால், தலையை ஆட்டிக்கொண்டே புல்லைத் தின்னு.