பன்னிரண்டு அடி ரகசியம்

குரூப் போட்டோவைக் கையில் கொடுத்தால், யாராக இருந்தாலும் முதலில் தேடுவது தன் முகத்தைத்தான். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் விட்டுவிட்டு, மூன்றாவது வரிசையில் பாதி காது மட்டும் தெரிகிற நம்மைக் கண்டுபிடித்து, "ஐயோ, இப்படியா நிக்கிறேன்" என்று வருத்தப்படுகிற ஆட்கள்தானே நாம். நான் ஒரு படி மேலே போனவள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில், ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் ரகசியத்தைப் பன்னிரண்டு அடி அகலத்தில் நாமக்கல்லில் கட்டித் தொங்கவிட்டுவிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. (புத்திக்கு எத்தனை வயது என்பதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.) திருச்செங்கோடு ரோட்டில் அப்பாவுக்கு லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை. அதன் மாடி அறையில் நானும், கல்லூரியில் கூடப் படித்த, இளம்பிள்ளை ஊர்க்காரனான பிரபுவும் வீடியோ கேம் செய்துகொண்டிருந்தோம். பிரபு பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தவன். "வாடா, உலகமே விளையாடற மாதிரி ஒண்ணு பண்ணலாம்" என்று சொல்லி அந்த வேலையை விடவைத்தது நான்தான். அதிலிருந்து வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மா எனக்குப் போன் செய்து, "எப்பம்மா முடியும்?" என்று கேட்பார். நானும் "ஆச்சுங்கம்மா, அடுத்த மாசம்" என்பேன். அந்த அடுத்த மாதம் மூன்று வருடமாக வந்துகொண்டே இருந்தது.

கேமின் பெயர் 'முட்டை லோடு'. நாமக்கல்லில் முட்டை ஏற்றிக்கொண்டு கேரளா வரைக்கும் லாரி ஓட்ட வேண்டும். அவ்வளவுதான். வேகத்தடையைப் பார்க்காமல் ஏறினால் ஆம்லெட். கேட்பதற்கு லேசாக இருக்கும். விளையாடிப் பார்த்த எங்கள் பட்டறை டிரைவர் ஒருவர், இருபத்து ரெண்டு வருட சர்வீஸ், மூன்றாவது வளைவிலேயே மொத்த லோடையும் கொட்டிவிட்டு, வண்டியில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

செல்போனுக்குக் கேம் செய்தால் இன்றைக்கு ஏற்றலாம், நாளைக்கு விற்கலாம். டிவியில் மாட்டி விளையாடுகிற கன்சோல் அப்படியல்ல. அது அந்தக் கம்பெனியின் வீடு. அவர்கள் கதவைத் திறந்தால்தான் உள்ளே போகலாம். என்ன கேம் என்று முதலில் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். செய்து முடித்ததும் அவர்களுடைய பரிசோதனையில் தேற வேண்டும். விளையாடும்போது கையில் இருக்கும் கன்ட்ரோலரின் வயரைப் பிடுங்கினால் கேம் தானாக நிற்கிறதா என்பதுவரை பார்ப்பார்கள். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். எப்போது வெளியே சொல்லலாம், என்றைக்கு விற்கலாம் என்பதும் அவர்கள் சொல்வதுதான்.

எப்படியோ எங்களுக்கு அனுமதி கிடைத்தது. கேம் செய்கிறவர்களுக்கு மட்டும் கொடுக்கிற டெவ் கிட் என்ற பெட்டி கூரியரில் வந்தது. அது இன்னும் கடைக்கே வராத புது மாடல். கூடவே ஒரு தடிமனான ஒப்பந்தம். பிரபு அதை இரண்டு நாள் உட்கார்ந்து படித்தான். நான் விரலால் சர்ரென்று கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிக் கையெழுத்துப் போட்டேன். அவன் சொன்னதன் சாரம் இதுதான்: படம் எடுக்கக் கூடாது, யாருக்கும் காட்டக் கூடாது, இருக்கிறது என்றே சொல்லக் கூடாது. மீறினால் அனுமதி போய்விடும், கேமும் போய்விடும். நானும் பெரிய மனுஷியாகத் தலையாட்டினேன்.

பிரபு ஒரு விசேஷத்துக்காக இளம்பிள்ளை போயிருந்த வெள்ளிக்கிழமை அப்பா மாடிக்கு வந்தார். பட்டறைக்குள் ஒரு மிஷின் வந்து ஒரு வாரமாகியும் பூஜை போடவில்லை என்பது அவருக்குத் தாங்கவில்லை. எங்கள் பட்டறையில் புதுத் துளைபோடும் மிஷினுக்கு பூஜை உண்டு. வெந்நீர் ஹீட்டருக்கும் உண்டு. நான் யோசித்தேன். பூஜை என்பது நமக்கும் சாமிக்கும் நடுவில் நடப்பது, சாமி எதையும் யாருக்கும் ஃபார்வர்டு செய்ய மாட்டார் என்று தோன்றியது. சரி என்றேன்.

ஆனால் அப்பா தன் தம்பியைக் கூட்டிவருவார் என்று நினைக்கவில்லை. பழனிச்சாமி சித்தப்பா முட்டை வியாபாரி. தங்கமான மனிதர். அவருக்கு இருக்கிற ஒரே வியாதி ப்ளெக்ஸ். தோட்டத்தில் போர் போட்டுத் தண்ணீர் வந்தபோது, ரிக் வண்டிக்குப் பக்கத்தில் தான் கும்பிடுகிற மாதிரி ப்ளெக்ஸ் வைத்தவர். அன்றைக்கு டெவ் கிட்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, நாலு மூலைக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, என்னைப் பக்கத்தில் கை கூப்பி நிற்கச் சொல்லி அவர் ஒரு படம் எடுத்தார். நான் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த நாள் ப்ளெக்ஸ் டிசைனை எனக்கு அனுப்பி, பார்த்துச் சொல்லு சாமி என்றார். நடுவில் பெரிதாக நான், கூடவே அந்தப் பெட்டி, சுற்றிலும் முட்டை வடிவ வட்டங்களில் சொந்தக்காரர்கள். 'உலகம் வியக்க கேம் கண்ட எங்கள் குலக்கொழுந்தே' என்று மேலே எழுத்து. அந்த இடத்தில் ஒரு சராசரி அறிவுள்ள பெண் அலறியிருப்பாள். நான் முகத்தை இன்னும் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கச் சொன்னேன். இரண்டாவது தடவை கன்னத்தில் இருந்த பருவை எடுக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னேன். நான்காவது தடவை, "ஓகே சித்தப்பா, சூப்பர்" என்று அனுப்பினேன்.

பெட்டி கண்ணில் படவே இல்லையா என்று கேட்பீர்கள். பட்டது. பக்கத்தில் கறுப்பாக ஏதோ இருப்பதால் என் முகம் இன்னும் எடுப்பாகத் தெரிகிறது என்று சந்தோஷம்தான் பட்டேன்.

திங்கட்கிழமை காலையில் பிரபு பஸ்ஸில் இருந்தபடியே போன் செய்தான்.

"கௌசி, உங்க பட்டறை வாசல்ல நீ கும்பிட்டுக்கிட்டு நிக்கற."

"நல்லா வந்திருக்கா?" என்று கேட்டேன். (ஆமாம், கேட்டேன்.)

"சீரியல் நம்பர் நல்லா வந்திருக்கு. பஸ்ஸுக்குள்ள இருந்தே படிக்க முடியுது."

பெட்டியின் முன்பக்கத்தில் அரிசி அளவு எழுத்தில் ஒரு நம்பர் ஒட்டியிருந்தது. பன்னிரண்டு அடி ப்ளெக்ஸில் அது லாரி நம்பர் பிளேட் அளவுக்கு வளர்ந்திருந்தது.

அதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டான். உலகம் முழுக்க அந்தப் புது மாடலுக்காகக் காத்துக்கொண்டிருந்த விளையாட்டுக்காரர்கள் மொய்த்துவிட்டார்கள். கம்பெனி அதுவரை நிழலைக்கூடக் காட்டாததால், அவரவருக்குத் தோன்றியதையெல்லாம் எழுதினார்கள். மாலை புது டிசைனின் ஒரு பகுதி என்றான் ஒருவன். அந்த நாலு எலுமிச்சம்பழமும் சூடு தணிக்கிற புதுத் தொழில்நுட்பம் என்று இன்னொருவன் படம் வரைந்தே விளக்கினான். கும்பிடுகிற பெண் யார், என்ன கேம் என்று ஆயிரம் கேள்வி. பதில் தெரிந்த இரண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அது தனிக் குற்றம்.

பத்தரை மணிக்குக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. இந்த நம்பர் பெட்டி உங்களுடையதுதானே, உங்கள் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, நாளை சாயங்காலம் நாலு மணிக்கு வீடியோ காலில் வந்து விளக்கம் சொல்லுங்கள் என்றார்கள். பிரபு என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"எங்கம்மாகிட்ட நீயே சொல்லிடு" என்றான். அதற்கு அவன் நாலு அறை விட்டிருக்கலாம்.

ப்ளெக்ஸைக் கழற்ற சித்தப்பாவைத் தேடிப்போனால், ஒன்றல்ல, மூன்று வைத்திருக்கிறார். பட்டறை வாசலில் ஒன்று. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அவர் மாமனாரின் மளிகைக் கடை முன்னால் ஒன்று. சேலம் வரை போய், சந்தில் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடிக்க அடிக்க அதைக் கழற்றினோம். மூன்றாவதைக் காணவே காணோம். கடைசியில் பார்த்தால், கட்ட இடமில்லாமல் குடோனில் சுருட்டி வைத்திருந்ததை, நல்ல கெட்டியான ப்ளெக்ஸ் என்று ஒரு டிரைவர் முட்டை லோடின் மேல் தார்ப்பாயாகப் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தார். போனில் பிடித்தபோது பாலக்காட்டைத் தாண்டியிருந்தார். மழை பெய்கிறது, கழற்றினால் லோடு நனையும் என்றார். எழுத்து உள்பக்கம் இருக்கிற மாதிரி திருப்பிப் போடச் சொன்னோம். அதற்குப் பிறகு ரகசியம் முட்டைகளுக்கு மட்டும்தான் தெரிந்தது.

மறுநாள் காலை முழுக்க நான் ஒரு பொய்யை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தேன். அடையாளம் தெரியாத ஒரு நபர் எங்கள் அனுமதியில்லாமல் அறைக்குள் நுழைந்து படம் எடுத்துவிட்டார் என்பது அதன் சுருக்கம். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, அந்த அடையாளம் தெரியாத நபர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி வந்து, நாற்காலியை இழுத்து கேமரா முன்னால், பிரபுவோடு உட்கார்ந்திருந்த என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வாரேன் போறேன் என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. எழுப்புவதற்குள் திரையில் கம்பெனி அம்மா வந்துவிட்டார். கண்ணாடி போட்ட, சிரிப்பே தெரியாத முகம். அவருடைய கண் என்னை விட்டு சித்தப்பாவிடம் போய் நின்றது. ப்ளெக்ஸில் வட்டத்துக்குள் சிரித்த அதே முகம்.

சித்தப்பா அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "நாஞ் சொல்றத அப்பிடியே அவங்களுக்குச் சொல்லு சாமி. இந்தப் புள்ளைங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. தப்பு பூராம் என்றதுதான், நாஞ் செஞ்சதுங்க. மூணு வருசமா ஊட்டுக்குள்ளயே உக்காந்து ரெண்டும் செஞ்ச பொருளுங்க. என்ன தண்டனைன்னாலும் எனக்கே குடுங்க, கேமை மட்டும் நிறுத்திப்போடாதீங்க."

மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரு கேமையும் விளையாடியது கிடையாது. நான் தயார் செய்து வைத்திருந்த பொய்யில் அவர்தான் திருடன். அது தெரியாமல் எனக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் சொன்னதை முழுதாகச் சொன்னேன். பிறகு, அது உண்மையில்லை, டிசைனை நான்தான் பார்த்து சரி சொன்னேன், நான்கு தடவை பார்த்தேன், நான்கு தடவையும் என் முகத்தை மட்டும்தான் பார்த்தேன், என் கூட்டாளி ஊரிலேயே இல்லை, தண்டிப்பதானால் என்னை நீக்கிவிட்டு அவன் பெயரில் கேமை விடுங்கள் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். பிரபு மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான்.

அந்த அம்மா ஏதோ குறிப்பு எழுதிக்கொண்டார். பிறகு கேட்ட முதல் கேள்வி, அந்த எலுமிச்சம்பழம் எதற்கு என்பது.

அதை நான் தமிழில் சொன்னதும் சித்தப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "புது வண்டின்னா சக்கரத்துக்கு அடியில வெச்சு நசுக்கிப்போட்டுத்தான் எடுப்போமுங்க. இதுக்குச் சக்கரம் இல்லீங்களே. அதனால சும்மா பக்கத்துல வெச்சமுங்க."

நான் அதையும் மொழிபெயர்த்தேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். அப்புறம் அடக்க முடியாமல், கேமராவை அணைத்துவிட்டுச் சிரித்தார். (மைக்கை அணைக்க மறந்துவிட்டார். பாவம், அவரும் மனுஷிதானே.)

அனுமதி போகவில்லை. எழுத்தில் ஒரு கடும் எச்சரிக்கை வந்தது. பெட்டியைப் பூட்டிய அறையில் வைக்க வேண்டும், நாங்கள் இரண்டு பேர் தவிர யாரும் உள்ளே வரக் கூடாது, வரிசையில் எங்கள் கேம் ஆறு மாதம் பின்னால் போகும். புது ஒப்பந்தத்தில் முன்பு இல்லாத ஒரு விதியும் இருந்தது: கருவியின் மேலோ, கீழோ, பக்கத்திலோ பூ, பழம், வண்ணப்பொடி எதையும் வைக்கக் கூடாது. சித்தப்பா அதைத் தமிழில் எழுதி வாங்கி, லேமினேட் செய்து முட்டைக் கடையில் மாட்டினார். நம்மால் வெளிநாட்டில் ஒரு சட்டமே வந்திருக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

கேம் வந்தது. கும்பிடுகிற பெண்ணின் கேம் இதுதான் என்று தெரிந்ததும் எங்கெங்கோ இருக்கிறவர்களெல்லாம் வாங்கி முட்டையை உடைத்தார்கள். எந்த வயதுக்காரர்கள் விளையாடலாம் என்று இந்தியாவுக்குத் தருகிற சான்றிதழ் தாமதமானதால், நம் ஊர்க் கடைக்கு மட்டும் மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. நாமக்கல் முட்டை நாமக்கல்லுக்கா கடைசியில் என்று சித்தப்பாவுக்கு அதில் இன்றுவரை கோபம். பிரபுவின் அம்மா இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறார். இரண்டாவது வளைவை எப்படித் தாண்டுவது என்று கேட்கிறார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. சொந்தபந்தம் மொத்தமும் ஆஸ்பத்திரியில் திரண்டு வந்தது. எல்லாரும் தொட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள், கொஞ்சுகிறார்கள். ஒருத்தர் கையிலும் போன் இல்லை. எங்கள் குடும்பத்தில் இது நடக்கவே நடக்காத விஷயம். என்னவோ ஏதோ என்று நான் பயந்தேபோனேன். அப்போதுதான் சித்தப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கொழந்தையப் போட்டோ எடுக்கலாமா சாமி, இல்ல எங்கயாச்சும் கையெழுத்துப் போட்டிருக்கியா?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் வந்து அதட்டும்வரை நான் சிரித்தேன். பிரபு வராந்தாவுக்கு ஓடிப்போய்ச் சிரித்தான். இப்போது எங்கள் வீட்டில் யார் போனைத் தூக்கிப் படம் எடுக்கப் போனாலும், பேசப் பழகியிருக்கிற என் மகள் உட்பட, எல்லாரும் என் பக்கம் திரும்பி ஒரே குரலில் கேட்பது இதைத்தான்: "கையெழுத்துப் போட்டிருக்கியா?"